பொறியாளரும் பின்சீட்டு மாமியாரும்

பிளக் ஒயரின் முனையை இடதுகைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு, "ம், உதைங்க" என்கிறார் பொறியாளர். வண்டிக்குச் சொந்தக்காரர் தயங்குகிறார். முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் தயங்குவார்கள். "வண்டிய உதைங்கன்னா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே" என்று ஓர் அதட்டல் விழுந்ததும் கிக்கரை மிதிக்கிறார். ஒயர் வழியாகப் பாய்ந்த மின்சாரம் சுண்டுவிரலில் ஏறி, முழங்கையில் திரும்பி, தோள்பட்டையில் வழி தவறி, கடைசியில் இடது புருவம் வழியாக வெளியேறுகிறது. புருவம் ஒரு துள்ளு துள்ளுகிறது.

"தேள்" என்று அறிவிக்கிறார்.

அவரிடம் மூன்றே அளவுகள்தான். எறும்பு, தேள், கழுதை. சுண்டுவிரலில் சுருக்கென்று மட்டும் இருந்தால் எறும்பு. பொறிக்கு மின்சாரம் அனுப்பும் காயிலோ கண்டென்சரோ கையை விரித்துவிட்டது என்று பொருள். முழங்கை வரைக்கும் ஏறினால் தேள்; பாயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். ஆளையே ஓரடி பின்னால் தள்ளினால் கழுதை. கழுதை உதைத்துவிட்டால் அவர் முகம் மலர்ந்துபோகும். "ஆரோக்கியமான உதை" என்று விரலை உதறிக்கொண்டே வண்டியின் டேங்க்கைத் தட்டிக்கொடுப்பார். அதற்கென்று மீட்டர் விற்கிறதே என்று யாராவது சொன்னால், "மீட்டருக்கு வலிக்குமா? வலிக்காததுக்கு என்ன தெரியும்?" என்பார்.

இருபத்தைந்து வருடமாக வாங்கிய உதையில் அவருடைய தலைமுடி எழுந்து நின்றது, இன்னும் உட்காரவில்லை. அவர் தலை வாரினால் பக்கத்து வீட்டு ரேடியோ கொரகொரக்கும் என்று அவருடைய மனைவி சொல்லுவார். அதில் பாதி பொய். எந்தப் பாதி என்று தெருவுக்கே இன்னும் தெரியவில்லை.

பொறியாளர் என்பது தெரு கொடுத்த பட்டம். கல்லூரி வாசல் கிழக்கே பார்த்திருக்குமா மேற்கே பார்த்திருக்குமா என்றுகூட அவருக்குத் தெரியாது. "பொறிய ஆளுறவன் பொறியாளன்தானே?" என்று எதிர்க்கடை முடிதிருத்துபவர் ஒருநாள் ஒருவருடைய தாடியில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே சொன்னார். தாடிக்காரர் வாயைத் திறக்க முடியாத நிலையில் இருந்ததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஆள் ஒல்லி. ஒல்லி என்றால், காற்றடிக்கும்போது சட்டை மட்டும் ஆணியில் தொங்குகிறதா, உள்ளே ஆளும் இருக்கிறாரா என்று இரண்டு தடவை பார்க்க வேண்டிய ஒல்லி. கடையும் அவரைப் போலத்தான். இரண்டு வண்டி நின்றால் மூன்றாவது வண்டி தெருவில் நிற்கும். கடையின் ஒருபக்கம் இடுப்பளவுக்கு ஓர் அரைச்சுவர். அதற்கு அந்தப்பக்கம் மனைவியின் தையல்கடை. பைகளும் வண்டி சீட்டு உறைகளும் தைக்கிறார். கத்தரிக்கோல், ஆணி, தண்ணீர்ச் செம்பு, குத்தல் பேச்சு எல்லாம் அந்த அரைச்சுவருக்கு மேலேதான் போய்வரும். கத்தரிக்கோல் எப்போதாவது, குத்தல் பேச்சு எப்போதும்.

சுவரில் ஒரு முட்டை அட்டை அறையப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் ஒரு பழைய பிளக். கீழே சாக்குக்கட்டியில் குறிப்பு: 'பால்காரர் – கரி', 'பல் டாக்டர் – வெள்ளை', 'பாட்டு வாத்தியார் – ஈரம்'. முனையில் கரி படிந்திருந்தால் அந்த ஆள் வண்டியையே நடத்திக் கூட்டிக்கொண்டு போகிற நிதானக்காரர். வெளுத்திருந்தால் முன்கோபி. நனைந்திருந்தால் அவசரக்குடுக்கை, எஞ்சின் பிடிப்பதற்குள் பத்து உதை உதைத்திருப்பார். காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் வீட்டிலும் ரோட்டிலும் சண்டை போடாதவர். அந்தக் குழி மட்டும் காலியாக இருக்கிறது. யாராவது வந்து, "அண்ணே, மேட்டுல ஏறும்போது கட்கட்னு ஒரு சத்தம், அப்புறம்..." என்று ஆரம்பித்தால் கையை உயர்த்தி நிறுத்துவார்.

"நீங்க சொல்லாதீங்க. அது சொல்லும். ஆளு பொய் சொல்லும், பிளக்கு சொல்லாது."

அவர் வாயிலிருந்து 'தெரியவில்லை' என்ற சொல் வந்ததில்லை. பிடிபடாத கோளாறு என்றால், "அது யோசிக்குது" என்பார். பழுது நீங்கியதும் "சமாதானம் பண்ணியாச்சு" என்பார். சமாதானம் நிலைக்கிறதா என்று பார்க்கத் தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்புவார். தனியாகத்தான். பின்னால் யாரையும் ஏற்றிக்கொள்ள மாட்டார். "பேசிக்கிட்டே வருவாங்க. எஞ்சின் பேசுறது காதுல விழாது." இத்தனை வண்டிகளை ஓடவைப்பவர் வீட்டுக்குப் போவது சைக்கிளில். கேட்டால், "டாக்டரு தினமும் மருந்தா சாப்பிடுறாரு?" என்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் தபால்காரர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அது பழைய வண்டி. மனைவி வருவதற்கு ஒன்பது வருடம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட வண்டி. அதனால் மூத்த உரிமை தனக்குத்தான் என்று அது நினைத்துக்கொண்டிருப்பதாக அவருடைய மனைவிக்கு எப்போதும் ஒரு மனத்தாங்கல். மற்றபடி ஊர்க் கடிதங்கள் அத்தனையையும் அதுதான் சுமக்கிறது.

"அண்ணே, சொன்னா சிரிப்பீங்க" என்றார் தபால்காரர்.

"சிரிக்க மாட்டேன். சொல்லாதீங்க."

"இல்லண்ணே, சொல்லியே ஆகணும். நான் தனியா போனா ஓடுது. வீட்டுக்காரி ஏறினாலும் ஓடுது. எங்க அத்தை ஏறினா மட்டும் நின்னுடுது."

பொறியாளர் சிரித்தார். எதிர்க்கடையில் கத்தரிக்கோலும் சிரித்தது. "வந்து உக்காந்தது மாமியாருன்னு வண்டிக்கு எப்படித் தெரியும் தம்பி? அதுக்கு முன்னாடிதானே லைட்டு இருக்கு? பின்னாடி கண்ணு இருக்கா?"

தபால்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. மாமியார் வீடு மேட்டுத் தெருவில். வாரம் ஒருமுறை அவரை எங்காவது கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவது மருமகனின் பொறுப்பு. போகும்போது, வரும்போது, எங்கோ ஓரிடத்தில் வண்டி விக்கி நிற்கும். மாமியார் இறங்குவார். உதைத்தால் உடனே கிளம்பும். மாமியார் ஏறுவார். மறுபடியும் எங்கோ விக்கும். மாமியார் இறங்கி நடந்தே போய்விடுவார். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தற்செயல் என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவரிடம் இல்லை. மருமகன் தொடைக்குப் பக்கத்தில் ரகசியமாக ஒரு பட்டன் வைத்திருக்கிறார், வேண்டும்போது அமுக்குகிறார் என்பது அவருடைய முடிவு. மூன்றாவது தடவையிலிருந்து அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. மருமகனின் தொடையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பொறியாளர் பிளக்கைக் கழற்றினார். லேசான கரி. துடைத்து, முனையின் இடைவெளியை பிளேடு நுழைத்துச் சரிபார்த்து மாட்டினார். விரலைச் சுற்றினார். கழுதை. "சமாதானம் பண்ணியாச்சு."

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்து வேகத்தடையில் நின்றது.

இரண்டாவது தடவை மேக்னெட் மூடியைத் திறந்து, பாயின்ட்டைத் தேய்த்து, கண்டென்சரை மாற்றினார். சீட்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அடியில் ஓடும் ஒயரை எல்லாம் விரலால் நீவிப் பார்த்தார். ஒயரைப் பார்த்தவர் சுவரில் சாய்த்த சீட்டைப் பார்க்கவில்லை. சீட்டில் என்ன பொறி இருக்கப்போகிறது? மறுபடியும் கழுதை. தெருமுனை வரை போய்வந்தார். பறவை மாதிரி பறந்தது. தபால்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். ரயில்வே கேட்டில் நின்றது.

அதற்குப் பிறகுதான் விஷயம் வண்டியை விட்டு வீட்டுக்குள் புகுந்தது. தபால்காரரின் மனைவி ஒரு பெட்டியில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னார். "எங்கம்மாவ ஏத்திக்கிட்டுப் போயி, ஒரு எடத்துல கூட நடக்க விடாம, திரும்ப எங்க வீட்டு வாசல்ல கொண்டுவந்து எறக்குங்க. அன்னிக்கு அதே வண்டில பெட்டியோட ஏறி வரேன். அதுவரைக்கும் அந்த வண்டியோடவே குடும்பம் நடத்துங்க. அதுதானே மூத்தது?"

பன்னிரண்டு நாள் ஆயிற்று. தபால்காரரின் சட்டையில் இரண்டு பட்டன் காணாமல் போயிருந்தன. தன் வீட்டு முகவரிக்கு வந்த கடிதத்தின் மேலேயே 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதித் திருப்பி எடுத்துப் போனார் என்று முடிதிருத்துபவர் சொன்னார். அதிலும் பாதி பொய் இருக்கலாம்.

மூன்றாவது தடவை வந்தபோது தபால்காரர் கடை வாசலில் நின்று, "அண்ணே, வண்டிய விடுங்க. எனக்கு வீட்டுக்காரி வேணும்" என்றார். குரல் உடைந்துவிட்டது. பொறியாளருக்கு எதையும் தாங்க முடியும், அழுகிற வாடிக்கையாளரைத் தாங்க முடியாது. காயில் சூடேறினால் மயங்கும், ஆறினால் எழுந்துகொள்ளும் என்று தீர்மானித்துப் புதுக் காயில் போட்டார். விரலைச் சுற்றினார். கழுதை உதைத்த உதையில் பின்னால் இருந்த கிரீஸ் டப்பாவில் போய் உட்கார்ந்தார். அந்தச் சந்தோஷத்தில், கிரீஸோடு எழுந்து நின்று, தெருவே கேட்க ஒரு வார்த்தையை விட்டார்:

"இனிமே இந்த வண்டி நின்னுச்சுன்னா, உங்க மாமியார நானே தோள்ல தூக்கிக்கிட்டுப் போறேன்!"

அரைச்சுவருக்கு அந்தப்பக்கம் தையல் மிஷின் நின்றது. "என்னத்தச் சொன்னீங்க?" என்றார் மனைவி.

"தோள்லன்னேன்."

"ஏங்க, அந்தத் தோள்ல சட்டையே நழுவுது. அந்தம்மாவ நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அதுதான் தைரியம்.

எட்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, பார்த்தார்.

முதலில் தெருவுக்குள் வந்தது ஒரு கைப்பை. அதைக் கைப்பை என்று சொல்வது மரியாதைக்காக. அதற்குள் ஒரு குடை, ஒரு தண்ணீர்ப் பாட்டில், இரண்டு தடிப் புத்தகம், மாற்றுச் செருப்பு எல்லாம் இருந்தன. அதன் பின்னால் அதைப் பிடித்திருந்த அம்மாள். தெருவின் அகலம் திடீரென்று குறைந்த மாதிரி இருந்தது. அவருக்குப் பின்னால், வண்டியைத் தள்ளிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி தபால்காரர். கண் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கித் திரும்பும் வழியில், தண்ணீர்க் குழாய்க்காகத் தெருமுனையில் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்தில் வண்டி இறங்கியது. அங்கேயே விக்கி நின்றது.

அம்மாள் கடை வாசலில் நின்று, புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பொறியாளரை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார்.

"நீங்கதான் அந்தத் தோளா?"

எதிர்க்கடையில் பாதி வெட்டிய தலையோடு ஒருவர் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

"அம்மா, உள்ள வந்து உக்காருங்க. வண்டி கொஞ்சம் யோசிக்குது..." என்றார் பொறியாளர்.

"அது யோசிக்கட்டும். நீங்க யோசிச்சீங்களா?" அம்மாள் ஒரு கையை உயர்த்தினார். கரும்பலகை இல்லாத குறைதான். "இதுவரைக்கும் ஒம்போது தடவை. பள்ளிக்கூடத்து வேகத்தடைல மூணு. ரயில்வே கேட்டுல மூணு. மில்லு முன்னாடி இருக்கிற பள்ளத்துல ரெண்டு. இன்னிக்கு உங்க தெருமுனைப் பள்ளத்துல ஒண்ணு. சமதரைல? பூஜ்யம். இதுலேருந்து என்ன தெரியுது?"

வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் போலப் பொறியாளர் திருதிருவென்று விழித்தார். மூன்று தடவை வண்டி வந்தது. மூன்று தடவையும் வண்டியைத்தான் விசாரித்தார். ஏறி உட்கார்ந்தவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்ன தெரியுதுன்னா..." என்று இழுத்தார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்."

அரைச்சுவரின் மேல் இரண்டு முழங்கைகளை ஊன்றிக்கொண்டு மனைவி ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறவர்.

"...தெரியல" என்றார் பொறியாளர். மெல்லத்தான் சொன்னார். ஆனாலும் கேட்டது.

"அப்ப கண்டுபிடிக்கலாம்" என்றார் அம்மாள், திருப்தியாக. கைப்பையைத் தபால்காரரிடம் கொடுத்தார். தபால்காரர் ஒருபக்கமாகச் சாய்ந்தார்.

நடு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி உதைத்தார்கள். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. அம்மாள் பின்சீட்டில் மெல்ல உட்கார்ந்தார். எஞ்சின் டப் டப் டப் என்று ஓடியது. பொறியாளருக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களாம்மா? ஓடுதுல்ல?"

"இது வீட்டுல உக்கார்ற மாதிரி. பள்ளத்துல வண்டி எறங்கினா எப்படி உக்காருவேன்னு காட்டட்டுமா?"

காலை ஊன்றி எழும்பினார். தொப்பென்று உட்கார்ந்தார். டப் டப் டக். வண்டி நின்றது.

பாதித் தலைக்காரர், "ஆத்தாடி" என்றார்.

பொறியாளர் பிளக்கைக் கழற்றினார். ஒயர் முனையைச் சுண்டுவிரலில் சுற்றினார். "அம்மா, அப்படியே அழுத்தி உக்காந்திருங்க. தம்பி, உதைங்க."

தபால்காரர் கைப்பையைச் சுமந்தபடியே உதைத்தார். ஒன்றும் இல்லை. எறும்புகூட இல்லை. விரல் கோயில் தூண் மாதிரி சும்மா இருந்தது.

"இப்ப எந்திரிங்கம்மா. உதைங்க தம்பி."

கழுதை. புருவம் துள்ளியது, ஆள் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"உக்காருங்க. உதைங்க." சூனியம். "எந்திரிங்க. உதைங்க." கழுதை.

அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. தான் எழுந்தால் இந்த ஆள் துள்ளுகிறார், உட்கார்ந்தால் அடங்குகிறார். முப்பது வருடம் வகுப்பில் எத்தனையோ பேரை எழுந்து நில், உட்கார் என்று சொன்னவர். தான் எழுந்து இன்னொருவரைத் துள்ளவைத்தது இதுதான் முதல் தடவை. நான்காவது தடவை பொறியாளர் கேட்காமலேயே எழுந்தார். ஐந்தாவது தடவை, "விடைய இன்னொரு தரம் சரிபார்த்துக்கறது நல்லது" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஆறாவது தடவைக்குக் காரணமே சொல்லவில்லை. எதிர்க்கடைக்காரர் கை தட்டினார்.

"போதும்மா" என்றார் பொறியாளர், பின்னால் நகர்ந்து நகர்ந்து கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் போய்விட்டவர். "கண்டுபிடிச்சாச்சு. கோளாறு பொறியில இல்ல. சீட்டுல."

இந்த மாதிரிப் பழைய வண்டியில் எஞ்சினை நிறுத்துவதற்கென்று ஒரு கறுப்பு ஒயர் உண்டு. சாவியை மூடினால் அந்த ஒயர் வண்டியின் இரும்பு உடம்போடு சேரும், பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரமெல்லாம் உடம்பில் இறங்கிவிடும், எஞ்சின் அணைந்துபோகும். சாவி இருப்பது சீட்டுக்குக் கீழே, பக்கவாட்டில். ஆகவே அந்தக் கறுப்பு ஒயரும் சீட்டுக்கு அடியில்தான் ஓடுகிறது. சாவியை யாரும் மூடவில்லை என்றால், வேறு எதுவோ அந்த ஒயரை இரும்போடு சேர்த்துவைக்கிறது.

பொறியாளர் சீட்டைக் கழற்றினார். இந்தத் தடவை சுவரில் சாய்க்கவில்லை. குப்புறப் போட்டார். குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அம்மாள் புதுக் கண்ணாடியோடு குனிந்தார்.

"அங்க என்ன பளபளங்குது? ஒத்தைப் பல்லு மாதிரி?"

சீட்டின் பின்பகுதியில் ஒரு தகடு வைத்து நான்கு ஸ்குரூ முடுக்கியிருந்தது. மூன்று குட்டை. ஒன்று நெட்டை. நெட்டை ஸ்குரூவின் கூர்முனை தகட்டைத் தாண்டி அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. பொறியாளர் கறுப்பு ஒயரை நகத்தால் நீவினார். கொசு கடித்த மாதிரி ஒரு துளை. கனமான ஆள் உட்கார்ந்து, வண்டி பள்ளத்தில் இறங்கினால், சீட்டு அமுங்கும், பல் ஒயரைக் கடிக்கும், வண்டி நிற்கும். ஆள் இறங்கினால் சீட்டு எழும்பும், பல் ஒயரை விட்டுவிடும், வண்டி கிளம்பும். தபால்காரர் முன்னால் உட்காருகிறவர். மனைவி கனம் போதாது. பொறியாளருக்கோ கனமே கிடையாது. பின்சீட்டிலும் யாரையும் ஏற்றுவதில்லை. ஜென்மத்துக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

"சீட்டுல எதுக்குத் தகடு?" என்றார் அம்மாள்.

தபால்காரர் நெளிந்தார். "ரெண்டு மாசம் முன்னாடி மெத்தை ஏத்தித் தெக்கச் சொன்னேன் அத்தை. பின்னாடி மட்டும். மெத்தை நகராம இருக்கத் தகடு வெச்சாங்க."

"பின்னாடி எதுக்கு?"

"உங்களுக்கு இடுப்பு வலின்னு சொன்னீங்களே..."

அம்மாள் மருமகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு, பழக்கதோஷத்தில், தொடையைப் பார்த்தார். அங்கே பட்டன் எதுவும் இல்லை. சட்டையிலும் இரண்டு இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதுக் கண்ணாடி, அதில் அழுக்கு இருக்க வழியே இல்லை.

"சரிண்ணே, இவ்ளோ நீள ஸ்குரூவ யாரு வெச்சது?" என்று தபால்காரர் கேட்டார். இருபது நாள் தனிச் சமையல் அந்தக் கேள்வியில் இருந்தது.

அரைச்சுவருக்கு அந்தப்பக்கம் மிஷின் ஓசை இல்லை. சீட்டு தைத்தது பொறியாளரின் மனைவிதான். பொறியாளருக்கு இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. 'நாலு ஸ்குரூ குடுங்க, அரை அங்குலம்' என்று சுவருக்கு மேலே ஒரு கை நீண்டது. அவர் அப்போது யாருடைய பிளக்குடனோ பேசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல் டப்பாவில் கையை விட்டு, வந்ததை அள்ளி அந்தக் கையில் வைத்தார்.

ஒரே ஒரு வார்த்தை போதும். தைத்தவர் வைத்தார் என்று சொன்னால் அது முழுப் பொய்கூட இல்லை. கம்பெனியிலிருந்தே இப்படித்தான் வந்தது என்று சொன்னால் தெரு நம்பும். பாதித் தலைக்காரர் உள்பட எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். மனைவி அவர் வாயைப் பார்க்கவில்லை. ஒரு நூலை ஊசியில் கோத்துக்கொண்டிருந்தார், மிக மிக மெதுவாக.

"ஆளு பொய் சொல்லும்..." என்று ஆரம்பித்தார் பொறியாளர். பாதியில் நிறுத்தினார். "நான் குடுத்தது தம்பி. என் கையால எடுத்துக் குடுத்தது. முடுக்கினவங்க மேல தப்பில்ல. அளவு சொல்லித்தான் கேட்டாங்க."

தையல் மிஷின் தடதடவென்று கிளம்பியது. கழுதைக்கு நிகரான ஓட்டம்.

நெட்டை ஸ்குரூவைக் கழற்றி, குட்டை ஒன்றை இரண்டு தடவை அளந்து முடுக்கினார். ஒயரின் துளைக்கு நாடா சுற்றினார். ஒயரையே ஒரு சாண் தள்ளி, சட்டத்தின் ஓரமாகக் கட்டினார். சீட்டை மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது, "சமாதானம்..." என்று பழக்கத்தில் வந்ததை விழுங்கிக்கொண்டார். "அம்மா, ஏறிப் பாத்து நீங்களே சொல்லுங்க."

"சொல்றேன். ஆனா தோள் கூடவே வரட்டும்" என்றார் அம்மாள்.

அந்த ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அளந்துவிடுவார்கள். முன்னால் வண்டி, பின்சீட்டில் நிமிர்ந்த முதுகோடு அம்மாள், பத்தடி பின்னால், சைக்கிளில், எழுந்து நின்று மிதித்துக்கொண்டு, ஆணியில் தொங்கும் சட்டையைப் போலப் பொறியாளர். தெருமுனைப் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. அம்மாள் திரும்பித் தோளைப் பார்த்தார். மில்லுப் பள்ளம். திரும்பிப் பார்த்தார். ரயில்வே கேட். பார்த்தார். பள்ளிக்கூடத்து வேகத்தடையில் வேண்டுமென்றே எழும்பித் தொப்பென்று உட்கார்ந்தார். தபால்காரரின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. வண்டி டப் டப் என்று தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மேட்டுத் தெரு வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தார். எஞ்சின் ஓடுகிற சத்தத்தோடு அம்மா வந்து இறங்குவதைப் பார்த்தார். உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் பெட்டி இருந்தது. வாயில் ஊசியும் நூலும் இருந்தன. கண் கணவருடைய சட்டையில் இருந்தது.

"அத்தை, வண்டிய அணைக்கட்டுமா?" என்றார் தபால்காரர்.

"ஓடட்டும். அவ மனசு மாறிடப் போறா" என்றார் மாமியார்.

சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் பொறியாளர் வந்தார். வாசலுக்கு ஏற ஐந்து படிகள். தோளில் இருந்த தூசியைத் தட்டினார். முதல் படிக்குக் கீழே, அம்மாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என்னய்யா இது?"

"தோள்ல தூக்குறேன்னு சொன்னதுக்கு அப்புறமும் ஒரு தடவை நின்னுச்சுல்லம்மா. சொன்னது சொன்னதுதான்."

அம்மாள் அந்தத் தோளைப் புதுக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மருமகனிடமிருந்து கைப்பையை வாங்கி, அந்தத் தோளிலேயே மாட்டினார். குனிந்து தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, படியேறிப் போனார்.

பொறியாளர் எழுந்தார், ஒருபக்கமாகச் சாய்ந்தபடி. படியில் கால் வைக்கப் போனவர், மகள் பெட்டியோடு வண்டியில் ஏறப்போவதைப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம்மா" என்று திரும்பி வந்தார். கைப்பை தோளில் தொங்க, இரண்டு உள்ளங்கைகளையும் பின்சீட்டில் ஊன்றி, தன்னிடம் இருந்த கனம் அத்தனையையும் போட்டு அழுத்தினார். காதை எஞ்சின் பக்கம் சாய்த்துக்கொண்டு, இன்னொரு முறையும் அழுத்தினார்.